46 வருடம் கழித்து ஒரு இசைத்தட்டு

2024 பிப்ரவரி 4ஆம் தேதி அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் கிராமி விருது வழங்கினார்கள். உலக இசைத்தட்டுப் பிரிவில் 'திஸ் மொமென்ட்' என்ற தட்டுக்குப் பரிசு. வாசித்தது 'சக்தி' என்ற குழு. நம் ஊர் டீக்கடையில் அதைப் பற்றிப் பேசியவர்களுக்கு அது சங்கர் மகாதேவன் வாங்கிய விருது. பாட்டுக்காரர் பெயர்தான் எல்லோருக்கும் தெரியும். அதில் தவறில்லை. ஆனால் அந்தத் தட்டுக்குப் பின்னால் ஐம்பது வருடக் கதை இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் நம் தமிழ்நாட்டுக் கதை. அதைத் தெரிந்தவரையில் வரிசையாகச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் கணக்கு. சக்தி குழு ஒலிப்பதிவுக் கூடத்தில் இதற்கு முன் செய்த கடைசித் தட்டு 'நேச்சுரல் எலிமென்ட்ஸ்', வெளிவந்தது 1977. 'திஸ் மொமென்ட்' வெளிவந்தது 2023 ஜூன் 30. நடுவில் 46 வருடம். 1977இல் இளநிலை உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தவர் அதற்குள் ஓய்வு பெற்று, பேரன் பேத்தி எடுத்து, ஆயுள் சான்றிதழுக்குக் கருவூலத்தில் பல வருடம் நின்றிருப்பார். அவ்வளவு காலம் கழித்து ஒரு குழு மறுபடியும் சேர்ந்து தட்டுப் போட்டது என்றால் அது சாதாரண காரியம் இல்லை.

நம் கச்சேரி வழக்கத்தில் 'குழு' என்பதே கிடையாது. இதை இளைஞர்கள் கவனிப்பதில்லை. பாடகர் ஒருவர். அவருக்கு இன்று ஒரு வயலின், நாளை வேறு வயலின். மிருதங்கமும் அப்படித்தான். சபாக்காரர் யாரை ஏற்பாடு செய்கிறாரோ அவர் வருவார். மேடையில் சந்தித்து, சுருதி சேர்த்து, மூன்று மணி நேரம் வாசித்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போவார்கள். நாயனச் செட்டு, பம்பைச் செட்டு, கூத்து ஜமா இவைதான் நம்மிடம் நிலையான கூட்டங்கள். சங்க காலத்துப் பாணர்களும் கூட்டமாகவே திரிந்தவர்கள். யாழும் முழவும் பையில் கட்டிக்கொண்டு இந்த மலை ஏறி ஓரியைப் பார்க்க வந்த கூட்டம் பற்றிப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். ஓரி கொடுத்த கொடையில் அவர்கள் ஆடலையும் பாடலையும் மறந்துபோனார்கள் என்பது அவர் சொல்வது. பணம் இல்லாமல் கலைந்த குழுக்களைக் கண்டிருக்கிறோம். பணம் வந்ததும் பாட்டை மறந்த குழு அநேகமாக நம் மலைக்குத்தான் முதலில் வந்திருக்கிறது!

மேற்கத்தியர்களிடம் வழக்கம் வேறு. நாலு பேர் சேர்ந்து ஒரு பெயர் வைத்துக்கொள்வார்கள். அந்தப் பெயரில் ஒப்பந்தம், அந்தப் பெயரில் தட்டு, அந்தப் பெயரில் சண்டை, கடைசியில் பிரிவு. அப்படி ஒரு பெயருக்குள் நம் வித்வான்கள் போய் உட்கார்ந்ததுதான் சக்தியின் தொடக்கம்.

ஜான் மெக்லாலின் 1942 ஜனவரி 4 அன்று இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கம் டான்காஸ்டரில் பிறந்தவர். தாயார் வயலின் வாசிப்பவர். 1969இல் அமெரிக்கா போய் மைல்ஸ் டேவிஸ் என்ற பெரிய டிரம்பெட் கலைஞரோடு கிடார் வாசித்துப் பெயர் பெற்றார். வங்காளத்திலிருந்து நியூயார்க்கில் குடியேறிய ஸ்ரீ சின்மய் என்ற ஆன்மிகக் குருவிடம் சீடரானார். குரு வைத்த பெயர் மகாவிஷ்ணு. அந்தப் பெயரிலேயே 1971இல் 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா' நடத்தினார். மின்சாரக் கிடார், காது அடைக்கும் சத்தம், மின்னல் வேகம். உலகம் முழுக்கக் கூட்டம் சேர்ந்தது.

அப்படிப்பட்டவர் கிடாரை வைத்துவிட்டு வீணை படிக்கப் போனார். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் வெஸ்லியன் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே அறுபதுகளிலிருந்தே நம் கர்நாடக சங்கீதம் பாடமாக இருந்தது. அவருக்கு வீணை சொல்லிக்கொடுத்தவர் டாக்டர் எஸ். ராமநாதன். சிலப்பதிகாரத்து இசை நுணுக்கங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கிய அதே ராமநாதன்தான். பழந்தமிழ்ப் பண்களைப் பற்றிப் பேசும்போது இன்றும் அவர் பெயரைச் சொல்லாமல் தாண்ட முடியாது. கொல்லி என்பது நம் மலைக்கு மட்டும் பெயர் இல்லை, தேவாரத்தில் ஒரு பண்ணுக்கும் பெயர். அப்பர் திருவதிகையில் பாடிய முதல் பதிகம் கொல்லிப் பண்ணில் அமைந்தது. இன்றைக்கு ஓதுவார்கள் அதை நவரோசு ராகத்தில் பாடுகிறார்கள். அந்த மரபெல்லாம் அறிந்த ஒருவரிடம் யார்க்‌ஷயர்க்காரர் சரளி வரிசை படித்தார் என்பதை நினைத்துப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.

அதே வெஸ்லியனில் அவருக்கு அறிமுகமானவர் வயலின் எல். சங்கர், 1950இல் பிறந்தவர். தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் சென்னைக்கு வந்தது. அண்ணன்மார் இருவர், எல். வைத்தியநாதனும் எல். சுப்ரமணியமும். மூன்று பேரும் சேர்ந்து மூன்று வயலின் கச்சேரி செய்தவர்கள். 'ஏழாவது மனிதன்' படத்தில் பாரதி பாட்டுகளுக்கு இசையமைத்தவர் இந்த வைத்தியநாதன்தான் என்றால் நம் வயதுக்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

தபலாவுக்கு ஜாகிர் உசேன். அல்லா ரக்காவின் மகன், 1951இல் பிறந்தவர். கலிபோர்னியாவில் அலி அக்பர் கான் கல்லூரியில் கற்பித்துக்கொண்டிருந்தார். மிருதங்கத்துக்கு வெஸ்லியனில் ஆசிரியராக இருந்த ராமநாதபுரம் ராகவன். கடத்துக்கு டி. எச். விநாயக்ராம், நாம் எல்லோரும் சொல்லும் 'விக்கு'. 1966இல் ஐ.நா. சபையில் எம். எஸ். சுப்புலட்சுமி பாடியபோது கடம் வாசித்தவர் அவர். அவர் தந்தை ஹரிஹர சர்மா 1958இல் சென்னையில் தாளவாத்தியப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார், ஸ்ரீ ஜெய கணேஷ் தாளவாத்திய வித்யாலயா.

முதல் தட்டு 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் பக்கம் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரியிலேயே பதிவு செய்யப்பட்டு மறு வருடம் வெளிவந்தது. மின்சாரக் கிடாரைக் கேட்க வந்த கூட்டத்துக்கு முன்னால் ஐந்து பேர் ஜமக்காளத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனிக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

அந்தக் கிடாரைப் பற்றி ஒரு வார்த்தை. வீணையில் மெட்டுக்கு மெட்டு மெழுகில் உயரமாகப் பதித்திருப்பதால் தந்தியை அழுத்தி இழுத்தால் கமகம் பிறக்கும். சாதாரணக் கிடாரில் விரல் பலகையில் மோதிவிடும். அதனால் மெக்லாலின் விரல் பலகையை மெட்டுகளுக்கு நடுவே பள்ளமாகக் குடைந்து வாங்கினார். அதோடு சித்தாரில் இருப்பதுபோல் தானாக அதிரும் ஏழு தந்திகளைக் குறுக்கே கட்டச் செய்தார். கிப்சன் கம்பெனிக்காக ஆபிரகாம் வெக்டர் என்ற கைவினைஞர் செய்து கொடுத்தது. நம் சங்கீதத்தைத் தன் கருவிக்கு ஏற்றபடி வளைக்காமல், கருவியை நம் சங்கீதத்துக்கு ஏற்றபடி குடைந்தார். இந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்தது அதைப் படித்த பிறகுதான்.

கடத்தின் நிலையையும் சொல்ல வேண்டும். நம் மேடையில் அது உப பக்கவாத்தியம். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் வாசித்து முடித்தபின் மிச்சம் இருந்தால் இரண்டு நிமிடம் கிடைக்கும். பத்திரிகை விமர்சனத்தில் கடைசி வரியில் பெயர் வரும், சில நாள் அதுவும் வராது. கடம் மானாமதுரை மண். சூளையில் வெந்து வெளிவந்தபோது என்ன சுருதியோ அதுதான் ஆயுளுக்கும். உள்ளே மெழுகு ஒட்டிக் கொஞ்சம் இறக்கலாம், ஏற்ற முடியாது. அதனால் கச்சேரிக்கு இரண்டு மூன்று பானை தூக்கிக்கொண்டு போக வேண்டும். சக்தியில் முதல் தட்டுக்குப் பிறகு ராகவன் விலகினார். மிருதங்கத்தின் இடம் காலியானது. கடமும் தபலாவும் நேருக்கு நேர் உட்கார்ந்தன. கடைசி வரிசைப் பானை முன் வரிசைக்கு வந்தது, அதுவும் உலகத்தின் பெரிய மேடைகளில். வடக்கும் தெற்கும் ஜதி சொல்லிச் சண்டை போட்டுச் சிரித்துக்கொண்டதை அந்தத் தட்டுகளில் இன்றும் கேட்கலாம்.

என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும், நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டுத் தமிழ்நாடு அரசுப் பணிக்கு வந்து, மாற்றலில் மலையேறி, அரியூர் நாட்டிலேயே தங்கிவிட்டவன். எழுபதுகளின் கடைசியில் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது பக்கத்துத் தெரு சொல்தா வீட்டுப் பிள்ளை பாரிசிலிருந்து கொண்டுவந்திருந்த தட்டுகளில் சக்தியும் ஒன்று. 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி', 1976இல் பதிவானது. அதோடு பிரெத்தாஞ் பக்கத்து யாழிசைக்காரர் ஆலன் ஸ்டிவெல்லின் தட்டும் இருந்தது. இரண்டையும் ஒரே சாயங்காலத்தில் கேட்டேன்.

பிரெத்தாஞ் புதுச்சேரிக்காரர்களுக்கு அந்நியமான பெயர் இல்லை. பிரான்சின் மேற்குக் கோடியில் இருக்கும் கெல்டிக் மொழி பேசிய சீமை. லோரியான் என்ற துறைமுக ஊர் அங்கேதான். பெயருக்குப் பொருளே 'கிழக்கு'. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1666இல் கீழ்த்திசைக்குக் கப்பல் கட்ட உண்டாக்கிய ஊர். நம்மூர் வரலாற்றில் வரும் லபூர்தொனேயும் பிரெத்தாஞ் நாட்டு சேன் மாலோவில் பிறந்தவர். அந்தச் சீமைக் குழந்தைகள் பள்ளியில் தாய்மொழியான பிரெத்தோன் பேசினால் கழுத்தில் மரக்கட்டையோ பழைய செருப்போ மாட்டி நிற்க வைத்த காலம் இருந்தது. பிரெஞ்சுதான் பேச வேண்டும் என்று ஆணை. எங்களுக்கு வகுப்பெடுத்த முசியே ஒருவர் அந்த ஊர்க்காரர். தன் பாட்டனுக்கு நேர்ந்ததாக அதைச் சொன்னபோது அவர் குரல் மாறியது நினைவிருக்கிறது.

அப்படி அடக்கப்பட்ட மொழியின் பழைய யாழ் மறைந்தே போயிருந்தது. ஸ்டிவெல்லின் தகப்பனார் ஆராய்ந்து அதை மறுபடியும் செய்தார். மகன் 1972இல் பாரிசின் ஒலிம்பியா அரங்கத்தில் வாசித்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தார். லோரியானில் கெல்டிக் மக்களின் பெருவிழா தொடங்கியது 1971. அயர்லாந்தில் 'பிளாங்க்ஸ்டி' என்ற நாட்டுப்புறக் குழு 1972இல் உருவானது. சக்தி அடுத்த இரண்டு மூன்று வருடத்துக்குள். அந்த ஐந்தாறு வருடத்தில் உலகத்தின் பல மூலைகளில் தாத்தா காலத்து இசையைப் பேரன்கள் தேடிப் போனார்கள். மெக்லாலின் என்பதும் கெல்டிக் வழிப் பெயர்தான். அவர் தேடிக்கொண்டு வந்தது நம் வீட்டுத் தாத்தாவை.

பிளாங்க்ஸ்டியின் கதையைச் சுருக்கமாகச் சொன்னால் சக்தியின் கதை நன்றாக விளங்கும். கிறிஸ்டி மூர், டோனல் லன்னி, ஆண்டி இர்வின், லியம் ஓஃப்ளின் என்று நாலு பேர். லியம் வாசித்தது முழங்கையால் காற்றடிக்கும் தோல்பைக் குழல். நம் நாயனத்துக்கு ஒத்து இருப்பதுபோல் அதற்குள்ளேயே சுருதி ஒலித்துக்கொண்டிருக்கும். 1975இல் பிரிந்தார்கள். சில வருடத்தில் மறுபடி சேர்ந்து 1979இல் போட்ட தட்டுக்கு 'இடைவெளிக்குப் பிறகு' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். 1983இல் மறுபடியும் பிரிவு. இருபது வருடம் கழித்து 2004இல் அதே நாலு பேரும் டப்ளினில் மேடையேறினார்கள், அது தட்டாகவும் வந்தது. 2018இல் லியம் ஓஃப்ளின் காலமானார். 2004இல் யாராவது ஒருவர் 'இப்போது வேண்டாம், பிறகு பார்ப்போம்' என்று சொல்லியிருந்தால் அந்தத் தட்டு கிடைக்காமலே போயிருக்கலாம்.

சக்தி 1978இல் கலைந்தது. மூன்று தட்டுக்குப் பிறகு அவரவர் வழி. சங்கர் சொந்தத் தட்டுகள் செய்தார், பத்துத் தந்தி கொண்ட இரட்டை வயலின் ஒன்றை வடிவமைத்தார், பீட்டர் கேப்ரியல் போன்ற மேல்நாட்டுக் கலைஞர்களோடு வாசித்தார். ஜாகிர் உலகம் சுற்றினார். விக்கு சென்னையில் தந்தையின் பள்ளியைப் பார்த்துக்கொண்டார். மிக்கி ஹார்ட்டின் 'பிளானெட் டிரம்' என்ற தட்டில் ஜாகிரும் விக்குவும் சேர்ந்து வாசித்தார்கள். 1991இல் வந்த அந்தத் தட்டுக்கு அடுத்த வருடம் கிராமி கிடைத்தது. ஆகவே 2024க்கு முப்பது வருடம் முன்பே மானாமதுரைப் பானை கிராமி பார்த்துவிட்டது. டீக்கடையில் யாரும் அதைச் சொல்லவில்லை.

குழு ஏன் கலைகிறது என்பதைக் குமாஸ்தா கண்ணால் பார்த்தவன் நான். வல்வில் ஓரி விழாவுக்கு ஆடி 17, 18இல் கலைக்குழுக்கள் வரும். அவர்களுக்குச் சன்மானப் பட்டுவாடா எழுதுவது பல வருடம் என் வேலை. அடிவாரத்திலிருந்து ஒரு பம்பைக் குழு வரும், ஐந்து பேர். வவுச்சர் தலைவர் பெயரில். ரெவின்யூ ஸ்டாம்பு மேல் கையெழுத்துப் போடுவது அவர். மற்ற நாலு பேர் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள். வாசிக்கும்போது ஐந்து பேரும் ஒன்று, பணம் எண்ணும்போது ஒருவரும் நால்வரும். சில வருடத்தில் அதே பெயரில் இரண்டு குழு மனுக் கொடுத்தது. பிறகு இரண்டும் வரவில்லை.

இதை நினைத்துக்கொண்டு சக்தியின் முதல் தட்டின் அட்டையைப் பாருங்கள். 'சக்தி வித் ஜான் மெக்லாலின்'. ஒரு பெயர் மட்டும் வெளியே நிற்கிறது. கம்பெனி ஒப்பந்தம் அவரோடு, விற்கக்கூடிய பெயர் அவருடையது. அவர் பெருந்தன்மையானவர், மேடையில் எல்லோருக்கும் சம இடம் கொடுத்தவர், அதில் இரண்டு கருத்தில்லை. ஆனாலும் அட்டை என்பது ஒரு வவுச்சர் மாதிரி. யார் பெயர் எழுதியிருக்கிறதோ அவர் தலையில்தான் லாபமும் நஷ்டமும் ஏறும். பின்னால் நிற்பவர்களுக்குத் தங்கள் பெயரில் ஒரு வவுச்சர் வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. முப்பது வயதில் இன்னும் அதிகமாகத் தோன்றும். சக்தி கலைந்ததற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லவில்லை. எந்தக் குழுவிலும் இந்த அரிப்பு இருக்கும் என்று சொல்கிறேன்.

1997இல் மெக்லாலின், ஜாகிர், விக்கு மூவரும் இங்கிலாந்தில் மறுபடி சேர்ந்தார்கள். வயலின் சங்கர் அதில் இல்லை. அவர் இடத்தில் இன்னொரு வயலினை உட்கார வைக்காமல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலை அழைத்தார்கள். அது எனக்குப் பிடித்தது. போனவர் நாற்காலியை அப்படியே விட்டு வைப்பதும் ஒரு மரியாதை. அந்தக் கச்சேரிகள் 1999இல் தட்டாக வந்தன. பெயர் 'ரிமெம்பர் சக்தி', அதாவது சக்தியை நினைவில் கொள். பழைய பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் நினைவாக மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அடுத்து வந்தவர்கள் இளையவர்கள். மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ், பாலகொல்லில் 1969இல் பிறந்து சென்னையில் வளர்ந்தவர். 1983இல் பதினாலு வயதில் பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்துவிட்டு வந்த பையனை நாம் மறந்திருக்க மாட்டோம். கடத்துக்கு விக்குவின் இடத்தில் அவர் மகன் செல்வகணேஷ். அவர் கையில் முக்கியக் கருவி கஞ்சிரா. 'வெண்ணிலா கபடி குழு' படத்துக்கு இசை அமைத்தவரும் இவர்தான். மெக்லாலினும் இவரும் சேர்ந்து 2007இல் கொன்னக்கோல் பாடமாக ஒரு டிவிடி வெளியிட்டார்கள். தக்கிட தகதிமி சொல்ல வெள்ளைக்காரப் பிள்ளைகள் அதைப் பார்த்துப் படிக்கிறார்கள். சங்கர் மகாதேவன் 2000இல் பம்பாய்க் கச்சேரியில் சேர்ந்தார். அந்தக் காலத் தட்டுகள் எல்லாம் மேடைப் பதிவுகள். ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் அவர்கள் போகவில்லை. அதனால்தான் முதலில் சொன்ன 46 வருடக் கணக்கு.

2014 செப்டம்பர் 19 அன்று ஸ்ரீனிவாஸ் சென்னையில் காலமானார். வயது 45. அதோடு அந்தக் கட்டமும் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

மறுபடி சேர்த்து வைத்தது பெருந்தொற்றுக் காலம். கச்சேரி இல்லை, விமானம் இல்லை. மெக்லாலின் மொனாக்கோவில், ஜாகிர் அமெரிக்காவில், மற்றவர்கள் அவரவர் ஊரில். மாண்டலின் இருந்த இடத்துக்கு வயலின் வந்தது, கணேஷ்-குமரேஷ் சகோதரர்களில் மூத்தவரான கணேஷ் ராஜகோபாலன். ஒருவர் தம் பகுதியை வாசித்துப் பதிவு செய்து கணினியில் அனுப்ப, அடுத்தவர் அதைக் கேட்டுத் தம் பகுதியைச் சேர்த்து அனுப்ப, கடிதப் போக்குவரத்து மாதிரி நடந்தது வேலை. எதிரில் முகம் இல்லாமல் எப்படிச் சவால் ஜவாப் வாசிக்க முடியும் என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் இருபது வருடம் ஒரே மேடையில் உட்கார்ந்தவர்களுக்கு எதிராளி எங்கே மூச்சு விடுவார் என்பது தெரிந்திருக்கிறது. முதல் உருப்படியின் பெயர் 'ஸ்ரீனிஸ் ட்ரீம்', ஸ்ரீனிவாஸ் நினைவாக. 'மோகனம்' என்றே பெயர் வைத்த ஒரு உருப்படியும் இருக்கிறது. அட்டையில் இந்த முறை 'சக்தி' என்று மட்டும் போட்டிருக்கிறது. தனியாக நின்ற பெயர் உள்ளே போய்விட்டது. எண்பது வயதைத் தாண்டியவருக்கு அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

2023 ஜனவரியில் இந்தியாவில் தொடங்கி ஐரோப்பா, அமெரிக்கா என்று ஐம்பதாம் ஆண்டுச் சுற்றுப்பயணம். 2024 பிப்ரவரியில் விருது. அன்று ஒரே இரவில் ஜாகிருக்கு மட்டும் மூன்று கிராமி. பத்து மாதம் கழித்து, 2024 டிசம்பர் 15 அன்று, சான் பிரான்சிஸ்கோவில் நுரையீரல் நோயால் ஜாகிர் உசேன் காலமானார். வயது 73. கிட்டத்தட்ட என் வயது.

தொடங்கிய நாலு தூண்களில் இரண்டு பேர்தான் இந்தத் தட்டில் இருக்கிறார்கள், அப்படியானால் இதைப் பழைய சக்தி என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பிளாங்க்ஸ்டிக்காரர்கள் அதே நாலு பேராகத் திரும்பி வந்தார்கள், கிடைத்தது பழைய நாலு பேரின் முதிர்ந்த வாசிப்பு. சக்தி அப்படித் திரும்பவில்லை. அப்பா இடத்தில் மகன், வயலின் இடத்தில் குழல், குழல் இடத்தில் மாண்டலின், மாண்டலின் இடத்தில் மறுபடி வயலின். ஐரிஷ்காரர்கள் செய்தது நண்பர்கள் கூடுகை. இது நம் வழக்கமான வாரிசு முறை. நாயனச் செட்டில் அப்பா போனால் பிள்ளை ஒத்திலிருந்து நாயனத்துக்கு மாறுவான், செட்டின் பெயர் மாறாது. ஐம்பது வருடத்தில் வெள்ளைக்காரக் குழு ஒன்று தமிழ்நாட்டுச் செட்டாக மாறிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் 1977 சங்கரின் வயலினுக்கு ஈடு 2023இல் இல்லை என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். கணேஷ் அருமையாக வாசிக்கிறார். அது வேறு வாசிப்பு. பிரிந்து கிடந்த வருடங்களில் அந்த நாலு பேரும் சேர்ந்து வாசித்திருக்கக் கூடியது எதுவோ, அது யாருக்கும் கிடைக்கவில்லை. எந்த விருதும் அதை ஈடுகட்டாது.

அந்தப் பம்பைக் குழுவுக்கு வருகிறேன். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் வந்த 2007க்குப் பிறகு, நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன், அந்த ஐவரில் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். தான் கலைஞன் என்பதற்கு ஏதாவது சான்று வேண்டும் என்றார். பழைய கட்டுகளை அவிழ்த்துத் தேடியதில் ஓரி விழாப் பட்டியல் ஒன்று கிடைத்தது. ஐந்து பெயரும் வரிசையாக, தலைவர் கையெழுத்தோடு. அதைப் பார்த்துவிட்டு அவர் தம் பெயரைத் தேடவில்லை. தலைவர் பெயர் மேல் விரலை வைத்தார். "அண்ணன் போயி மூணு வருசம் ஆவுது சார். கடைசி வரைக்கும் பேசிக்கல" என்றார். நகல் எடுத்துக் கொடுத்தேன். அவர்கள் வாசித்ததற்கு ஒலிநாடா எதுவும் கிடையாது. அந்தக் குழு இருந்தது என்பதற்கு மிஞ்சியது அந்த ஒரு தாள்தான்.

நம் பக்கத்தில் இன்னும் நாலைந்து பழைய செட்டுகள் இப்படி முகம் கொடுக்காமல் இருக்கின்றன, யார் யார் என்று உங்களுக்கே தெரியும். இப்போது பதிவு செய்ய ஸ்டுடியோ வேண்டாம், பேரப்பிள்ளையின் கைப்பேசி போதும். ஆடி வருவதற்குள் யாராவது பெரியவர் நடுவில் நின்று ஒரு நாள் சேர்த்து உட்கார வைத்தால் புண்ணியம். வாசிப்பு முன்போல் இருக்காது. இருந்துவிட்டுப் போகட்டும்.

சக்தியைக் கேட்க விரும்புகிறவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி யூடியூபில் போடச் சொல்லுங்கள். 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி' முதலில், பிறகு 'திஸ் மொமென்ட்'. ஒரே நாளில் இரண்டையும் கேட்க வேண்டாம். நடுவில் ஒரு நாள் இடைவெளி விடுங்கள். கடத்துக்குக் காது கொடுங்கள், அப்பா எது மகன் எது என்று தெரியும்.